நறுமுகையின் நுழைவுத்தேர்வு

செவ்வாய் கிரகத்தின் மூன்றாம் குவிமாடத்தில், நான்கு மாதக் குழந்தைகளுக்கான நுழைவுத்தேர்வு அன்று காலை அமைதியாகத் தொடங்கியது. வராந்தாவில்தான் அமைதி இல்லை. பெற்றோர்கள் பால் புட்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

உள்ளே தில்லைநாயகத்தின் முறை வந்திருந்தது. இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் மகள் நறுமுகைக்குச் சுரங்கப் பள்ளிதான். அங்கே படித்தவர்கள் சுரங்கத்தை விட்டு மேலே வந்ததில்லை.

தேர்வு எளிது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். குழந்தை சலித்துப்போய்க் கண்ணைத் திருப்பும். சட்டென்று புதிய பொருள் ஒன்று வரும். அதை உற்றுப் பார்த்தால், பழையதை மூளை பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். பார்வை நிலைக்கும் நேரத்தை விழியளவி என்ற இயந்திரம் கணக்கிடும்.

நறுமுகைக்குப் பிறந்த அன்றே டியூஷன். மூடிய தொட்டிலுக்குள் பயிற்சி ரோபோ ஒன்று தேர்வுக்குரிய பொருள்களை ஓயாமல் காட்டியது. பாலும் அதுவே கொடுத்தது. கவனம் சிதறும் என்று பெற்றோர் எட்டிப் பார்க்கவும் அனுமதியில்லை.

விழியளவி தொட்டிலைத் திறந்தது. சிவப்புப் பந்து. கொட்டாவி. புதிதாகக் கிலுகிலுப்பை. கொட்டாவி. அடுத்து மரக்கிளி. விக்கல்.

"எல்லாத்தையும் வீட்லயே காட்டிட்டீங்களா?" என்றார் கண்காணிப்பாளர் பெர்னதெத். "அப்புறம் இதுக்கு எதுங்க புதுசு?"

தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி பூங்கோதை பல்லைக் கடித்தாள்.

"சாதா கோர்ஸ் போதும்னேன். நீங்கதான் ஸ்பெஷல் கோர்ஸ்னு குதிச்சீங்க."

"எல்லாம் என் தலையிலயே போடு!" என்றபடி அவன் தொட்டிலின் மேல் குனிந்தான்.

நறுமுகையின் விக்கல் நின்றது. கண்கள் அவன் மூக்கில் தொடங்கி மீசைக்கு வந்து, புருவத்துக்கு ஏறி, அங்கேயே நின்றன. இமைக்கவில்லை. விழியளவியில் எண் ஏறிக்கொண்டே போனது.

"புதிய பொருள் கண்டறியப்பட்டது," என்றது இயந்திரம். "தந்தையின் முகம். தேர்ச்சி."



"எப்படியோ, சீட்டு கிடைச்சிருச்சுல்ல," என்று பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவர்களைக் கூட்டம் மொய்த்தது. தில்லைநாயகம் நடந்ததை மறைக்காமல் சொன்னான், வெட்கத்தோடுதான்.

வரிசையில் ஒருவர் கொஞ்சிக்கொண்டிருந்த மகனைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பினார். "அப்பாவப் பாக்காதடா, தங்கம்!"

அடுத்தவர்களும் திருப்பினார்கள்.