வாய் திறந்த பொம்மை!

"அத்தை, இந்தப் பொம்மை வாயை ஆட்டுதே... என்ன பேசுது?"

அண்ணன் மகள் ஒருநாள் கேட்ட கேள்வி அது. கம்ப்யூட்டரில் தான் வரைந்த பொம்மையை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த பென்சில் விழித்தாள்.

"சும்மா ஆட்டுதுடி."

"பொய்! பேசாம யாராவது வாயை ஆட்டுவாங்களா?"

பென்சில் என்பது தெரு வைத்த பெயர். ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். அந்தக் கேள்விக்குப் பிறகு, அவள் வரைந்த எந்தப் பொம்மையும் வெறுமனே வாயாட்டியதில்லை.

ட்ரிங்... ட்ரிங்...!

பாய்ந்து போனை எடுத்தாள்.

"பொம்மைப் பட ஸ்டுடியோவிலேர்ந்து பேசறேன். வேலைக்கு ரீல் அனுப்பியிருந்தீங்களா?"

ரீல்! அவள் வரைந்ததில் சிறந்ததையெல்லாம் கோத்த சின்னப் படம். அதைக் காட்டித்தான் வேலை தேட வேண்டும்.

"ஆமா மேடம்!"

"அதே ஷாட்டுங்களோட இன்னொருத்தர் பேர்லயும் ஒரு ரீல் வந்திருக்கு. நீங்க திருடிட்டதா போலீஸ்ல புகார் குடுத்திருக்கார். இன்ஸ்பெக்டர் இங்கதான் உட்கார்ந்திருக்கார். வர்றீங்களா... ஜீப் வரட்டுமா?"

பென்சில் போனைப் படாரென்று வைத்தாள்!

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா ஓடி வந்தாள். விஷயம் கேட்டதும் அழுதாள்.

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுடி. கேஸு, ஸ்டேஷன்னு போனா அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா? முடியாதும்மா!"

"எங்கடி கிளம்பிட்டே?"

"அங்கதான். நடந்தே போறேன். ஜீப்புல போனா திருடின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"சாமியாவது கும்பிட்டுட்டுப் போ!"

"காலையிலேயே ஆச்சு. அவருக்கு ஞாபகம் இருக்கும்."

ஸ்டுடியோவின் கண்ணாடி அறை. மேடம். தொப்பியை மேஜைமேல் கழற்றி வைத்த இன்ஸ்பெக்டர். அப்புறம்...

"மாஸ்டர்! நீங்களா?"

அவளுக்கு அனிமேஷன் சொல்லிக் கொடுத்தவர்! வகுப்பு படுத்துவிட்டதால் அவரும் இதே ஸ்டுடியோவில் ஒரு பெரிய வேலைக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்.

"நான்தான்! சார், ஃபைல் எல்லாம் என் மெஷின்ல இருக்கு. இவ அங்கேர்ந்து காப்பி எடுத்துட்டா!"

"நிஜமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெஷின் அவரோடது சார். என்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாது, அண்ணனோடதுல படம் பார்க்கத்தான் முடியும். அதனால மாஸ்டர் மெஷின்ல வரைஞ்சேன். வரைஞ்சது நான்!"

மாஸ்டர் மேஜையைத் தட்டினார்.

"கேட்டீங்களா! ஃபீஸ் வாங்காம சொல்லிக் குடுத்தேன் சார். இவ வரைஞ்ச ஒவ்வொரு கிறுக்கலுக்கும் உட்கார்ந்து சிவப்புக் கோடு போட்டுத் திருத்தினேன். நன்றி இருக்கா பாருங்க!"

"நன்றி நிறைய இருக்கு மாஸ்டர். அதுக்காகப் பொம்மையத் தூக்கிக் குடுக்க முடியாது!"

மேடம் கையமர்த்தினாள். ரீல் திரையில் ஓடியது. அந்த ஸ்டுடியோவுக்குச் சத்தமே இல்லாத ரீல்தான் அனுப்ப வேண்டும். அசைவை மட்டும் பார்ப்பார்கள்.

ஒரு சிறுமி பொம்மை. எதிரே பெரிய, இருண்ட கதவு. பொம்மை வாயசைக்கிறது... கதவைத் தள்ளுகிறது.

"நிறுத்துங்க!" என்றாள் பென்சில். "மாஸ்டர், பொம்மை என்ன பேசுது?"

மாஸ்டர் சிரித்தார்.

"என்னத்தப் பேசும்? சும்மா வாயாட்டுது!"

பென்சிலின் கண் மின்னியது. சாட்சி இல்லாதவர்களுக்கு ஆண்டவன் சில நேரம் ஒரு குழந்தையின் கேள்வியைத்தான் அனுப்பி வைக்கிறான்!

"பேசுது சார். கண்ணாடி முன்னாடி நானே பேசிப் பேசி, என் உதட்டைப் பார்த்து வரைஞ்சேன். திரும்ப ஓட்டுங்க."

சட்டென்று திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பார்க்காமலா சொல்லப் போறே?" இன்ஸ்பெக்டர் முன்னால் நகர்ந்தார்.

படம் ஓடியது. பென்சில் பேசினாள்.

"அம்மா... பயமா இருக்கு... ஆனா நான் போறேன்!"

'ம்மா'வுக்கு உதடு ஒட்டியது. 'ப'வுக்கு ஒட்டியது. 'மா'வுக்கு ஒட்டியது. 'போ' என்றதும் ஒட்டித் திறந்தது. இம்மி பிசகவில்லை! பொம்மைக்கே குரல் வந்துவிட்டது போலிருந்தது.

"எதை வேணா ஒட்டவைக்கலாம் சார்!" மாஸ்டர் கத்தினார்.

"அப்படியா? நீங்க ஒட்டவைங்க பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டர் திரை முன்னால் வந்து நின்றார். படம் ஓடியது.

"வணக்கம் குழந்தைகளே... வாங்க விளையாடலாம்..."

அவர் 'குழந்தைகளே' என்று இளித்தபோது பொம்மை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. அவர் முடித்தபோது அது கதவைத் தாண்டிப் போயே விட்டது!

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

"மாஸ்டர், உங்க பொம்மைக்கே உங்களைப் பிடிக்கல போலிருக்கே!"

மாஸ்டரின் தலை தொங்கியது.

"வகுப்பு போச்சு சார்... புதுசா வரைய எதுவும் வரல... புத்தி கெட்டுப் போச்சு."

"பொய்ப் புகார் குடுத்திருக்கார். நீ ஒண்ணு எழுதிக் குடும்மா, உள்ள தூக்கி வெச்சிடறேன்."

பென்சில் மாஸ்டரை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். அவர் புகாரை வாபஸ் வாங்கணும். அப்புறம் எங்கம்மாவுக்கு போன் பண்ணி, நான் திருடி இல்லேன்னு அவர் வாயாலேயே சொல்லணும். இப்பவே. என் முன்னாடி!"

மாஸ்டர் போன் செய்தார். குரல் உடைந்து சொன்னார். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாளோ... வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் மேடம் பெருமூச்சு விட்டாள்.

"நீங்க கேட்ட ஜூனியர் வேலைக்கு ஆள் எடுத்தாச்சும்மா."

பென்சிலின் முகம் சுண்டியது. ஆனாலும் நிமிர்ந்தாள்.

"பரவாயில்ல மேடம். வேற ஸ்டுடியோ பார்த்துக்கறேன். பேரு சுத்தமாயிடுச்சு, அது போதும்."

"அட, உட்காருங்க! மாஸ்டர் கேட்டாரே பெரிய வேலை, அது காலியாத்தான் இருக்கு. வாயசைவுக் குழுவுக்குத் தலைமை. சம்மதமா?"

"...மேடம்!"

"முதல் வேலை. அவர் ரீல்லேர்ந்து உங்க ஷாட்டையெல்லாம் வெட்டிட்டு, மிச்சத்தை அவருக்கே திருப்பி அனுப்பிடுங்க."

மேடமும் மற்றவர்களும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அறையில் பென்சில் மட்டும்.

வெட்டினாள். வெட்டினாள். கடைசியில் ஒரே ஒரு ஷாட் மிஞ்சியது.

ஒரு கிழட்டு நாய் படுத்த இடத்திலிருந்து எழுந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த உடம்பின் பாரம்... அந்தச் சலிப்பு! மாஸ்டரே வரைந்தது. நிஜமான கை! ஒரே குறை. எழும்போது பின்னங்கால் தரையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

பென்சில் கதவைப் பார்த்தாள். யாருமில்லை.

சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். கால் வழுக்கும் ஒவ்வொரு படத்திலும், பாதம் எங்கே ஊன்ற வேண்டுமென்று பொறுமையாகக் கோடு போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: 'இதை மட்டும் திருத்துங்க. இந்த நாய் ஒண்ணே போதும், வேலை கிடைச்சிடும்.'

பெயர் போடவில்லை. அனுப்பினாள்.

நாயின் கால் இனி வழுக்காது. மாஸ்டரின் கால் மறுபடி வழுக்கினால்...? அதற்குத்தான் மேலே ஒருவர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்!