மேலடுக்குத் தூசு

"இந்த வீட்டின் தூசில் இரண்டு பேர் இருக்கிறார்கள்," என்றது துகளறிவி. "ஒருவர் நறுமுகை. மற்றவர் அருள்மாறன். அருள்மாறனின் தூசு கடைசியாக விழுந்தது ஐந்து நாளுக்கு முன்பு."

நறுமுகை ஒட்டடைக் குச்சியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் கணவன் அருள்மாறன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டை இல்லை, கடிதம் இல்லை. ஒரு புதன்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை.

பொங்கலுக்கு நான்கு வாரம் இருந்தது. இந்த முறையாவது வீட்டைச் சுத்தம் செய்தே தீருவது என்று ஈரோட்டிலிருந்து அவன் தங்கை வெண்பா அன்று காலைதான் வந்திருந்தாள். ஆறு வருடமாக நறுமுகை நடமாடும் இடத்தை மட்டும் பெருக்கினாளே தவிர, பரண், அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் எதையும் தொட்டதில்லை. வெண்பாதான் துகளறிவியை வாடகைக்கு எடுத்தாள்.

வீட்டுத் தூசில் கணிசமான பங்கு மனிதத் தோல். துகளறிவி அதை உறிஞ்சும்போதே யாருடையது என்று பிரித்துவிடும். படிந்திருக்கும் அடுக்கைப் பார்த்து எந்த நாளில் விழுந்தது என்றும் சொல்லிவிடும். ஒரு வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பே இப்போது இப்படித்தான் நடந்தது. கருவி சொன்னது அப்போதே வசிப்புப் பதிவகத்துக்கும் போய்விடும்.

"அண்ணன் வந்துட்டுப் போறார் அண்ணி," என்றாள் வெண்பா. "நீங்க வேலைக்குப் போற நேரமாப் பாத்து வர்றார். அவர்கிட்டதான் ஒரு சாவி இருக்கே!"

சுத்தம் செய்வது அன்றோடு நின்றது. பாதி இறக்கிய பரண் சாமான்கள் கூடத்திலேயே கிடந்தன. நறுமுகை வேலைக்கு விடுப்புச் சொன்னாள். பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். குளியலறைக் கதவு தானாக அசைந்தபோது ஒட்டடைக் குச்சியை ஓங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வருகிறவன் ஏன் ஒரு வார்த்தை எழுதி வைக்கக் கூடாது? என் நாற்காலியில் உட்கார்ந்தானா? என் தலையணையைத் தொட்டானா? வெண்பாவுக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை. தினமும் அண்ணனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூலையில் நின்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த துகளறிவி திடீரென்று பேசியது.

"அருள்மாறன். இப்போது."

வெண்பா வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை. மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், படுக்கையறை வாசலில் நின்றாள். நறுமுகை திறந்த அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் கையில் அருள்மாறனின் நீலச் சட்டை இருந்தது.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எடுத்து உதறி மடிச்சு வைப்பேன்," என்றாள் நறுமுகை. "துவைச்சதே இல்ல வெண்பா. வாசம் போயிரும்னு. இப்பக்கூட யோசிக்காமத்தான் எடுத்தேன்."

தூசு எந்த நாளில் விழுந்தது என்பது மட்டும்தான் கருவிக்குத் தெரியும். அது தோலிலிருந்து உதிர்ந்து எத்தனை காலம் ஆனது என்று தெரியாது. ஆறு வருடமாக அருள்மாறனை வீட்டுக்குள் வரவழைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

வெண்பா கட்டிலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு, "இருந்தாலும் பதிவுல அண்ணன் இருக்காருங்களே," என்றாள். மறுநாளும் மூன்று பேருக்குச் சமைத்தாள். அதற்கு அடுத்த நாளும். ஊருக்குக் கிளம்பும் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மூன்றாவது தட்டைப் பார்க்க நறுமுகையால் முடியவில்லை. வெண்பாவையும் கூட்டிக்கொண்டு, அவன் பெயரை நீக்கச் சொல்ல வசிப்புப் பதிவகத்துக்குப் போனாள்.

வெண்பா உள்ளே வர மறுத்து வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பதிவகத்தில் இருந்த பெண் நறுமுகை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். சட்டை விஷயத்தை எழுதி வாங்கினாள். விரல் வைக்கச் சொன்னாள்.

"அவ்வளவுதானுங்க. ரெண்டு வீட்டுப் பதிவும் நீக்கியாச்சு."

"ரெண்டுங்களா? எங்களுக்கு ஒரே வீடுதாங்க."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை அடுத்தவருக்குச் சொல்ல, பெற்றவர்களே கேட்டாலும், சட்டம் இடம் தரவில்லை.

"அவர் சட்டை எதையாவது வேற எங்கயாச்சும் கொண்டு போனீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு கைக்குட்டைகூட அந்த அலமாரியை விட்டு வெளிய போகல."

"இன்னொரு வீடு இருந்துச்சுங்க. போன வாரம்தான் புதுசா வந்த பதிவு. ஒருத்தரோட தூசு கலப்படம்னு எழுதிக் கொடுத்துட்டா, அவர் பேர்ல இருக்கிறது எல்லாமே சேர்ந்து போயிரும். அதான் விதி."

"எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க."

அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அருள்மாறன் என்ற பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வெளியே பெஞ்சில் இருந்த வெண்பா எழுந்து வந்தாள். "முடிஞ்சுதுங்களா அண்ணி?"

நறுமுகை அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"உங்கண்ணன் எங்கயோ ஒரு வீட்ல இருக்கார் வெண்பா," என்றாள். "எந்த வீடுன்னு இங்க எழுதி இருந்துச்சு. இப்பத்தான் நான் அழிச்சுட்டு வர்றேன்."