வெளிச்சத்துக்கு ஒதுங்கும் பாசி

அயோடின் விட்ட பிறகு எதுவும் நீந்தக்கூடாது. ஒன்று நீந்தியது.

சிம்பாங் ரெங்கம் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பாசிப் பண்ணையில் லோஷினிக்கு எண்ணும் வேலை. தொட்டி நீரில் ஒரு துளி எடுத்து, அயோடின் விட்டுக் கொன்று, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். உயிரோடு எண்ண முடியாது. அங்கே வளர்க்கும் கிளமிடோமோனஸ் பாசி ஒற்றை உயிரணுதான் என்றாலும் இரண்டு வால்களைத் துழாவி ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பில் ஒரு செம்புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதைக்கொண்டு அறியும்.

தகரக் கூரையில் காலை மழை விடாமல் இறங்க, சுவருக்கு அப்பால் தொட்டிகளில் காற்றுக் குழாய்கள் கொப்பளிக்க, வெட்டிப்போட்ட புல் அழுகத் தொடங்கும் வாசனை வழக்கத்தைவிடக் கனமாக மேசைவரை வந்து நிற்க, அவள் கண்ணாடிச் சில்லை மெல்லத் தள்ளினாள். செத்தவை எல்லாம் சேர்ந்து நகர்ந்தன. அந்த ஒன்று மட்டும் நகரவில்லை. அங்கேயே துடித்தது.

சில்லை எடுத்துவிட்டாள். வெறும் வெளிச்ச வட்டம். அதிலும் இருந்தது.

இடது கண்ணை மூடிப் பார்த்தாள். இல்லை.

"அண்ணே, திங்கக்கிழம குழாய் பிச்சிக்கிட்டு என் மூஞ்சில அடிச்சிச்சே, ஞாபகம் இருக்கா?"

தொட்டிகளைக் கவனிக்கும் தங்கராஜு வாசலில் நின்று தலையைத் துவட்டினார். "கிளினிக்ல கண்ணு காஞ்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்கல்ல? பச்சப் பாசித் தண்ணி லா. டப்பால போட்டு வித்தா காசு குடுத்து குடிக்கிறாங்க, உனக்கு சும்மா கெடச்சிருக்கு." சிரித்தார். "ரெண்டாம் தொட்டிய எடுக்கப் போறேன். லைட்ட அடைக்கிறேன், சரியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போய்விடுமோ என்று நான்கு நாளாகத் தூக்கமில்லை.

அறுவடை இப்படித்தான். அறையை இருட்டாக்கி, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு வைப்பார்கள். அத்தனை பாசியும் அந்த மூலைக்கு ஒதுங்கிவிடும்.

அவள் கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டாள். விளக்கைப் போடவில்லை. கைப்பேசி வெளிச்சத்தை இடது காதோரம் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

வெள்ளை விழி. பழுப்புக் கருவிழி. சுத்தமாக இருந்தது.

காத்திருந்தாள்.

காதோரம் விழியின் வெள்ளையில் பச்சையாய் ஒரு நூல். பிறகு கோடு. பிறகு கறை.

வெளிச்சத்தை மூக்கின் பக்கம் கொண்டுபோனாள். கறை உடைந்தது. மெதுவாகக் கிளம்பியது. கருவிழியைக் கடந்தபோது கண்ணாடி, சுவர், அவள் முகம் எல்லாம் பச்சையாயின. தெளிந்தபோது கறை மூக்கோரம் இருந்தது.

கைப்பேசியை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

இருட்டில் கலைந்துவிடும்.

இருட்டில்தான் பிரியும். ஒன்று இரண்டாக. நான்காக. எட்டாக. காலைதோறும் எண்ணுகிறவள் அவள்.

"லோஷினி? என்னம்மா, உள்ளயே இருக்க? கதவத் தொற."

"லைட்ட போடாதீங்கண்ணே!"

"அலமாக்! என்னாச்சி உனக்கு?"

தங்கராஜு நடை விளக்கைப் போட்டார். கதவடியில் ஒரு கீற்று விழுந்தது.

இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். வலது கண்ணால் கீற்றைப் பார்த்தாள். வெள்ளை.

இமைத்தாள். வெள்ளைதான்.

மறுபடி இமைத்தாள். அந்தக் கண்ணிலும் கீற்றின் ஓரத்திலிருந்து பச்சை ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.