நீல நாக்கு

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சமுத்திரம் கண்ணைத் திறக்காமலே எடுத்தார். தேர் பந்தோபஸ்து முடிந்து இரண்டு நாளாகியும் கால் வீக்கம் வடியவில்லை.

"சார்! விஷம் வெச்சுட்டான் சார்! சீசர் சாகக் கிடக்கான்!"

"யாருய்யா சீசர்? ஒன் அண்ணனா?"

"நாய் சார்!"

சமுத்திரத்துக்கு அழுகை வந்தது. ஆனாலும் தொப்பியைத் தேடினார். என்ன செய்வது... புகார் என்றால் புகார்தானே!

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி மைதானம். நாய்க் கண்காட்சி. பந்தல் முழுக்க வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் நாய்கள்.

போன் செய்த பெலிக்ஸ் ஓடி வந்தான். ராஜபாளையத்தில் நூல் மில் சூப்பர்வைசர். நாயைப் போட்டிக்குக் கொண்டு வருவது இதுதான் முதல் தடவை.

"நாக்கைப் பாருங்க சார்!"

பார்த்தார். திடுக்கிட்டார்.

நீலம்! நாக்கு, ஈறு, வழிகிற எச்சில்... எல்லாம் நீலம்!

"சீசர்! சீசர்!" பெலிக்ஸ் கத்தினான். படுத்திருந்த நாய் திரும்பக்கூட இல்லை.

"பாருங்க சார், உசுரு போய்க்கிட்டு இருக்கு! அந்தா நிக்காரே சீனிச்சாமி, அவருதான் காலையில பிஸ்கட் போட்டாரு. வருசா வருசம் கப்பு வாங்குறவரு. என் நாய் ஜெயிச்சிரும்னு பயம்!"

தளவாய்புரம் சீனிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஏலே, ஒனக்கு இந்தக் குட்டியக் குடுத்ததே நான்தான். நானே விஷம் வைப்பேனா?"

"ஸ்டேஷன்ல வந்து பேசுங்க. ஜீப்புல ஏறுங்க," என்றார் சமுத்திரம் சலிப்பாக.

"ஏற மாட்டேன்! என் மரியாதை என்ன ஆகுறது?"

அதற்குள் கால்நடை டாக்டர் சத்யப்பிரியா வந்துவிட்டாள். நாக்கைப் பார்த்தாள். முதுகில் ஈரப் பஞ்சைத் தேய்த்தாள்.

பஞ்சும் நீலம்!

"பெலிக்ஸ், நாயை எதுல குளிப்பாட்டுனீங்க?"

பெலிக்ஸ் தலையைச் சொறிந்தான்.

"ஷாம்புலதான் மேடம். கடைசித் தண்ணியில மட்டும்... வேட்டிக்குப் போடுற சொட்டு நீலம். வெள்ளை பளிச்சுன்னு இருந்தா மார்க் கெடைக்கும்னு..."

"அதை நக்குனதாலதான் நாக்கு இப்படி இருக்கு. விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

சீனிச்சாமி கெக்கலி கொட்டிச் சிரித்தார். சமுத்திரம் தொப்பியைக் கழற்றினார். இதற்காகவா எழுந்து வந்தோம் என்று இருந்தது அவருக்கு.

"அப்பம் கூப்பிட்டா ஏன் மேடம் திரும்பல?" பெலிக்ஸ் விடவில்லை.

டாக்டரின் முகம் மாறியது. சீசருக்குப் பின்னால் போய் நின்றாள். பலமாகக் கை தட்டினாள்.

ம்ஹூம்.

இன்னொரு தடவை... காதுகூட அசையவில்லை!

"இதுக்குக் காது கேக்காது. பிறவியிலேயே! இந்த வெள்ளை இனத்துல அப்படிச் சில குட்டி பொறக்கும். போட்டியில சேக்க மாட்டாங்க."

"காது கேக்காதா?" பெலிக்ஸின் குரல் உடைந்தது. "ராஜ பரம்பரை, வீம்பு புடிச்சது, கூப்பிட்டா வராதுன்னு சொல்லித்தானே இவரு குடுத்தாரு! வீம்புன்னு நெனச்சு அடிச்சுட்டேனே மேடம்..."

மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டான். அது அவன் கன்னத்தை நக்கி நீலமாக்கியது.

சீனிச்சாமியின் சிரிப்பு நின்றிருந்தது.

"அது வந்து... ஒண்ணு ரெண்டு அப்படித்தான்..."

பட்! பட்!

பந்தலின் அந்தக் கோடியிலிருந்து சத்தம். சேதி பரவிவிட்டது! சீனிச்சாமியிடம் குட்டி வாங்கியவர்கள் அவரவர் நாய்க்குப் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வத்திராயிருப்புக்காரரின் நாய் திரும்பவில்லை. அடுத்ததும் திரும்பவில்லை. அதற்கடுத்தது...

நாய்கள் திரும்பவில்லை. ஆட்கள் திரும்பினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீனிச்சாமியை நோக்கி வந்தார்கள்!

மறு நிமிடம் சீனிச்சாமி ஜீப்புக்குள் இருந்தார்.

"சார்! ஸ்டேஷனுக்கே போயிருவோம் சார்! வண்டிய எடுங்க!"

சமுத்திரம் சோம்பல் முறித்தார்.

"இருங்கண்ணே. செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாரேன்."