காற்றுக்கும் கதவடைப்பு!

"அய்யோ… கதவைத் தொறங்கண்ணே!"

மெக்கானிக் கஸ்பாரின் அலறல் பட்டறையைத் தாண்டிப் பேகம்பூர்த் தெருவுக்குப் போகவில்லை.

எப்படிப் போகும்? அந்தப் பழைய அம்பாசடரின் காய்ந்து வெடித்த ரப்பர்களைக் கிளிசரின் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, அல்வாப் பதத்துக்குக் கொண்டுவந்து, கதவைச் சுற்றி இறுக்கிப் பொருத்தியதே அவன்தான்!

கண்ணாடி இறக்கும் கைப்பிடி? கதவின் உள்கைப்பிடி? நாலு கதவிலும் இரண்டையும் பாலிஷ் போடக் கழற்றிய புண்ணியவானும் அவனேதான். செல்போன்… வெளியே பானட் மேல்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரின் சொந்தக்காரர், வேடசந்தூர் ஈஸ்வரன். கையில் இரும்பு ராடு.

டிக்கி ரப்பரை ஊறவைத்தபோது தண்ணீர் சிவந்தது. துரு என்று நினைத்தான். ரப்பர் மடிப்பிலிருந்து ஒரு மெட்டி விழுந்தது. சற்றுமுன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி அதை வெள்ளந்தியாக நீட்டி, "அண்ணே, நம்ம சத்யபிரியா அக்காவுதா?" என்று கேட்டுவிட்டான். அடுத்த நொடி ஈஸ்வரன் கதவை அறைந்து சாத்திவிட்டார்.

சத்யபிரியா… ஈஸ்வரனின் மனைவி. யாருடனோ ஓடிப்போய்விட்டதாக ஊருக்கெல்லாம் அவர் சொன்ன மனைவி!

"அப்ப… அக்கா ஓடிப் போகலையாண்ணே?"

"போனா. டிக்கில!"

கஸ்பார் கதவை உதைத்தான். அசையவில்லை.

"ஏலே, நல்லாக் கத்து. பேகம்பூரே ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கு. வேலை பூரா முடிஞ்சிருச்சு, இனி எறும்பு மூச்சுக்கூட உள்ள போகாதுன்னு நீதான சொன்ன? செத்த நேரம்… தானா அடங்கிருவ."

"கண்ணாடிய ஒடைப்பேன்!"

"ஒடை. தலைய நீட்டு. ராடு ரெடி."

"சோறு போட்ட மகராசிண்ணே அது… வெஞ்சனம் பத்துச்சா, பத்துச்சான்னு கேட்டுக் கேட்டு…"

குரல் உடைந்தது. அழுகை பயத்துக்கா, அக்காவுக்கா? அவனுக்கே தெரியவில்லை.

திண்டுக்கல் வெயில் தகரத்தை அடுப்பாக்கியது. இருமினான்… நெஞ்சைப் பிடித்தான்… ஸ்டீயரிங்குக்குக் கீழே சரிந்தான்.

அசைவில்லை.

ஈஸ்வரன் கண்ணாடியைத் தட்டினார். "ஏலே?"

ஆள் முடிந்தான் என்று ராடைத் தாழ்த்தினார்.

ஆனால் மெட்டி வேண்டுமே! அது கஸ்பாரின் மூடிய கைக்குள். ராடைச் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் திறந்து குனிந்தார்.

'தொம்ம்!'

பிணம் இரண்டு காலாலும் உதைத்தது!

ஈஸ்வரனின் மண்டை பட்டறை மேஜையில் மோதியது. ராடு இப்போது கஸ்பார் கையில். தொழுகை முடிந்து திரும்பிய பக்கத்துக் கடை அப்துல் ஜப்பார் பாய் சத்தம் கேட்டு ஓடிவந்து, ஈஸ்வரன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"எப்பிடிரா… மூச்சு விட்ட?" கீழே கிடந்த ஈஸ்வரன் முனகினார்.

கஸ்பார் மூலையிலிருந்த வாளியைக் காட்டினான்.

"பிரேக் பெடல் ஓட்டைக்குப் போடுற ரப்பரு இன்னும் அதுக்குள்ள ஊறுது. ஓட்டைல மூக்க வெச்சுத்தான் படுத்திருந்தேன். வேலை முடிஞ்சிருச்சுன்னு மெக்கானிக் சொன்னத அப்பிடியே நம்புன மொத கஸ்டமர்… நீங்கதாண்ணே!"