கரி எரியும் தூரம்

இஞ்சி வேண்டாம் என்று இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அதாவது, இன்னும் சொல்லவில்லை.

தாரணி டீ கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஆவியில் ஏலக்காய் மணம் மட்டும்தான் இருந்தது. சற்று முன் அவள் கணவர் கோகுல் டீக்காரரிடம் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு நல்லா இஞ்சி தட்டிப் போடுங்கண்ணா. அவளுக்கு இஞ்சி வேண்டாம்." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமல், முற்றத்தில் நின்ற இரண்டு கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான முதல் வாரத்தில் அவர் அவளுக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். தொண்டையைச் சுட்டது. "நல்லா இருக்கு" என்றாள். புதுப்பெண் வேறு என்ன சொல்வாள்? அன்று முதல் இன்று காலை வரை வீட்டில் டீ அவர் பொறுப்பு. இஞ்சியைக்கூட அவரே முகர்ந்து பார்த்து வாங்கி வருவார். முப்பது வருடங்களாக அன்போடு நீட்டப்படும் கிளாசை எந்தக் காலையில் மறுப்பது என்று தெரியாமல் அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். தனக்கு இஞ்சி பிடிக்காது என்பதை அவரிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள். டீசல் காரில், தாராபுரம் சாலையில், இனிமேல் வரக்கூடிய ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் இன்று முற்பகல் முன்வாழ்வறையில் வாழ்ந்துவிட்டு வந்திருந்தாள்.

கோவைக்கு வெளியே, நீலாம்பூர்ப் புறவழிச்சாலையில் இருந்த அந்த மீள்வண்டி நிலையத்தில் பழைய எஞ்சின் கார்கள் விற்றார்கள். சாலை முழுக்கத் தானோடிகளாகிப் பல காலம் ஆயிற்று. ஏறி உட்கார்ந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். அவரவர் திரையை அவரவர் பார்த்தபடி போய் இறங்கலாம். காற்றில் கலந்த கரியைப் பிரித்து எரிபொருள் செய்யத் தெரிந்த பிறகு, ஆசைப்பட்டவர்களுக்கு அரசு எரிபொருள் அட்டை கொடுத்தது. ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. பெட்ரோல் அல்லது டீசல். பதிந்துவிட்டால் ஆயுளுக்கும் மாற்ற முடியாது.

அதனால் வாங்குவதற்கு முன் முன்வாழ்வறை கட்டாயம். அங்கே சாய்வு நாற்காலியில் படுத்தால், ஒரு சின்ன உறக்கத்துக்குள் அந்தக் காரோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு எழலாம். கணவன், மனைவி இருவருடைய வாழ்நாள் தரவும் ஒரே கணக்கில் ஓடும். இருவரும் ஒரே பத்து ஆண்டுகளைத்தான் அவரவர் இருக்கையிலிருந்து காண்பார்கள் என்பது நிலையத்தின் உத்தரவாதம். அது உண்மையா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அறையில் கண்டதை வெளியே பேசுவது நாகரிகமில்லை என்று ஒரு பழக்கம் எப்படியோ வந்துவிட்டிருந்தது. காரைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

"சார், ரெண்டும் ஒரே வருசத்து மாடலுங்க. ஒரே பாடி, ரெண்டே கதவு. உள்ள எஞ்சின்தான் வேற" என்று காலையில் நேயா காட்டினாள். விற்பனைப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். எஞ்சின் சத்தத்தையே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கேட்டதாகச் சொன்னாள்.

சிவப்புக் கார் பெட்ரோல். சாம்பல் நிறம் டீசல். கோகுல் சிவப்புக் காரின் கூரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் இளைஞராக இருந்தபோது ஊருக்கு வெளியே இருந்த பந்தயத் தடத்தில் வார இறுதிகளில் ஓட்டியவர். பெண் பார்க்க வந்த அன்றுகூட, இஸ்திரி போட்ட சட்டைக்குள்ளிருந்து லேசாகப் பெட்ரோல் வாசம் வந்தது. தாரணிக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதையும் அவள் சொன்னதில்லை.

முதலில் பெட்ரோல் அறைக்குள் போனார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் குறை சொல்ல எதுவுமில்லை. வால்பாறை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் கோகுல் கியரை இறக்க, எஞ்சின் எகிறிக் கத்தியது. அவள் பயந்து அவர் தோளைப் பிடித்தாள், அவர் சிரித்தார். காலையில் இட்லி சாப்பிடவென்றே மருதமலை அடிவாரம் வரை போனார்கள். பெட்ரோல் காருக்குப் பக்கத்துத் தெருவே போதும். சாவியைத் திருப்பினால் மனிதர் இருபது வயதுக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. வெளியே வந்தபோது அவளுக்குக் கன்னம் வலித்தது, அவ்வளவு சிரித்திருந்தாள்.

டீசல் வேறு மாதிரி. அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல், ஒரே வேகத்தில் வெகுதூரம் ஓட்ட வேண்டும். குழாய் சூடேறினால்தான் உள்ளே படிந்த கரி எரிந்து தீரும்.

ஆகவே டீசல் வாழ்வில் ஞாயிறுதோறும் அவர்கள் தாராபுரம் சாலையில் போனார்கள். போவதற்கு ஓர் ஊர் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் காற்றாலைகள், நடுவே நேர்கோடாகச் சாலை, காலுக்கடியில் எஞ்சினின் அடங்கிய முனகல். திரை கிடையாது. தூங்கவும் முடியாது. முதல் சில மாதங்கள் இருவரும் சாலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே அவர் கேட்டார்.

"ஏந் தாரணி, உனக்குப் புடிக்காதது எதாச்சும் இருக்குதா? நீ ஒருக்காக்கூடச் சொன்னதில்லயே."

முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் அவள் மழுப்பியிருப்பாள். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயில் தானாக வந்தது. "இஞ்சி."

"என்னது?"

"இஞ்சி டீ. எனக்கு ஆகாது. மொத நாள்லருந்தே."

காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அவ்வளவு சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. "அடிப்பாவி" என்றார். "நாஞ் செத்திருந்தா படத்துக்கு முன்னால இஞ்சி டீயே வெச்சிருப்பியே."

இஞ்சிக்குப் பின்னால் மற்றவை வரிசையாக நின்றிருந்தன. பெங்களூரில் கிடைத்த வேலை. அதை அவள் ஏன் விட்டாள் என்று அவரும், அவர் ஏன் தடுக்கவில்லை என்று அவளும் மனசுக்குள் வைத்திருந்தது. "உனக்கே இஷ்டமில்லைன்னுதான நெனச்சேன்" என்றார் அவர். சில ஞாயிறுகளில் சண்டை வந்தது. ஒரு ஞாயிறு அவர் பல்லடம் வரை வாயே திறக்காமல் ஓட்டினார். ஆனாலும் அடுத்த வாரம் மஞ்சள் விளக்கு எரிந்தது. போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. பத்தாவது ஆண்டில் அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் அப்பாவைப் பற்றிப் பேசினார்.

கண்விழித்தபோது அறையின் கூரை தெரிந்தது. அந்த நொடியில் அவளுக்கு ஏற்பட்டது ஏக்கம்தான். விட்டுவந்த வீட்டை நினைக்கிற மாதிரி ஏக்கம். ஆனால் அந்த வீட்டில் அவள் இன்னும் குடியேறவே இல்லை. நடக்காத ஞாயிறுகளின் வெயில் முழங்கை மீது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

இப்போது இந்த டீ. இஞ்சி போடாத டீ. அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். கோகுல் கிளாசைக் கீழே வைத்தார்.

"டீசல்னா ஓயாம ஓட்டிட்டே இருக்கோணும்" என்றார். "இந்த வயசுல அவ்வளவு தூரம் ஆகுமான்னு தெரியல, தாரணி." சாம்பல் நிறக் காரின் பக்கம் கண் போய் வந்தது. பிறகு, எப்போதும் கேட்கிற தொனியில், "உனக்கு எது?" என்றார்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஒரே சொல். ஆனால் அவர் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். முப்பது வருடங்களாக அந்த முகத்துக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"உங்க இஷ்டங்க."

அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "அப்ப பெட்ரோலே இருக்கட்டும்" என்றார்.

நேயா மலர்ந்த முகத்தோடு அவர்களை உள்ளே அழைத்துப்போனாள். மேசை மேல் இரண்டு மெல்லிய வெள்ளி வளையங்கள் இருந்தன. துடைப்பு வளையம்.

"தேர்ந்தெடுக்காத பத்து வருசத்தயும், அதத் தொட்ட நெனப்பையும் இது எடுத்துடும் சார். நெத்தியில வெச்சு மூச்ச இழுத்து விட்டா முடிஞ்சுது. ரெண்டு பேரும் துடைச்சாத்தான் சாவி தருவோம்."

"துடைக்கலைன்னா?" என்றாள் தாரணி.

"ஐயோ, ஆரம்பத்துல அப்படி விட்டதுதான் மேடம் வம்பாப் போச்சு. பெட்ரோல் வாங்குனவங்க ராத்திரி வந்து கேட்டுக்கு வெளிய நின்னு டீசல் காரப் பாத்துட்டு நிப்பாங்களாம். சேலத்துல வீடு வாங்கறதுக்கான முன்வாழ்வறைக்குப் போன ஒரு அம்மா, வாங்காத வீட்டுல வளத்துன நாயத் தேடித் தெருத்தெருவா அலஞ்சாங்க. அதுக்கப்புறந்தான் சட்டம் வந்துச்சு. இப்ப ஒரு புகார் கிடையாது. எல்லாருக்கும் தாங்க வாங்குனதுதான் சரின்னு திருப்தி."

இருக்காதா பின்னே, என்று தாரணி நினைத்துக்கொண்டாள். இந்த நாட்டில் யாரும் தவறான காரை வாங்கியதில்லை. தவறான வீட்டை, தவறான ஊரை, தவறான ஆளை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. இது தவறு என்று அறிந்தவர்கள் எல்லோரும் இப்படியொரு மேசையில் துடைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

கோகுல் வளையத்தை எடுத்தார். நெற்றிக்குக் கொண்டுபோகுமுன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். தாராபுரம் சாலையில் காரை ஓரங்கட்டியபோது பார்த்த அதே பார்வை. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார்.

கண்ணைத் திறந்தபோது அவர் இளைத்துப்போனவர் போலவோ, எதையோ இழந்தவர் போலவோ இல்லை. கடைக்குப் போய்த் திரும்பியவர் போல உற்சாகமாக இருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவ்ளோதானா?" என்று நேயாவிடம் சிரித்தார். "ஒண்ணுமே தெரியலயே. டீசல் பக்கம் போனோமா என்ன?" வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அண்ணா, கார் வாங்கியாச்சு! இன்னும் ரெண்டு டீ. எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு மடங்கு இஞ்சி தட்டிப் போடுங்க, அவளுக்கு அதுதான் உசுரு!"

டீக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இப்பத்தான அம்மாவுக்கு இஞ்சி வேண்டாம்னீங்க?"

"நானா? முப்பது வருசமா என் கையால போட்டுக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதாண்ணா? வேற ஆரோ சொல்லியிருப்பாங்க."

டீக்காரர் நேயாவைப் பார்த்தார். இந்த இடத்தில் டீ விற்பவர். இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. இஞ்சியைத் தட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் உள்ளே வரை கேட்டது.

"நீங்க மேடம்" என்று நேயா இரண்டாவது வளையத்தை நகர்த்தினாள்.

தாரணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சிவப்புக் கார் வெயிலில் பளபளத்தது. அதில் போகும் பத்து ஆண்டுகள் இன்பமானவை, அவள் பார்த்திருக்கிறாள். துடைத்துக்கொண்டால் அந்த இன்பத்தில் ஒரு சின்னக் கீறல்கூட இருக்காது. வளைவுகளில் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். காலையில் கிளாசை வாங்கிக் குடிப்பாள். தாராபுரம் சாலையில் ஒருவர் தன்னைக் கேட்டார் என்பதும், அதற்குத் தான் பதில் சொன்னதும் உலகத்தில் எந்தத் தலைக்குள்ளும் இருக்காது. இப்போது அது இருப்பது ஒரே ஒரு தலைக்குள்தான்.

டீ வந்தது. ஆவியோடு இஞ்சி மூக்கில் ஏறியது. கோகுலே கிளாசை வாங்கி அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, குடிக்காமல், வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சூடா இருக்கறப்பவே குடி" என்றார் அவர். "அதுக்கு முன்னால இதை முடிச்சிரு. சாவி வாங்கிட்டு நேரா வால்பாறை போயிரலாம்."

"மேடம், நீங்க துடைக்கலைன்னா பதிவு ரத்தாயிடும்" என்றாள் நேயா, கொஞ்சம் பதறி. "அட்டைக்கு மறுபடி மொதல்லருந்து வரிசையில நிக்கணும்."

"தெரியும்மா."

கோகுலின் சிரிப்பு மெல்ல இறங்கியது. சிவப்புக் காரை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளை. கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தன் கையில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போனதை அப்போதுதான் உணர்ந்தவர் போல விரல்களை விரித்து மூடினார்.

"ஏந் தாரணி?" என்றார் தாழ்ந்த குரலில். "அந்த டீசல்ல அப்படி என்ன இருந்துச்சு?"

நேரெதிரே முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை அது. அதைச் சொல்லப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நீண்ட தூரம் போக வேண்டியிருந்தது.

வெள்ளி வளையத்தை ஒரு விரலால் நேயாவின் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

"இருக்கட்டும்மா" என்றாள். "எனக்கு வேண்டாம்."