வடக்குச் சுவரில் பட்ட ஒலி

சுழல் ஒலிப்பெட்டியின் ஒவ்வொரு சுற்றிலும், ஒலி வடக்குச் சுவரின் பக்கம் திரும்பும்போது மட்டும் சற்றே மங்கிற்று. கம்பி இணைப்பில்தான் கோளாறு இருக்கும் என்று கொளஞ்சியப்பன் முதலில் எண்ணினார்.

கள்ளக்குறிச்சி மெல்லிசைக் குழுவொன்றில் ஆர்கன் வாசித்து ஓய்ந்தவர் அவர். மனைவி அமிர்தத்தின் மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று வெள்ளிமலையில் வந்து குடியேறிய வீடு அது. மாசியில் அவள் போய்விட்டாள். அதன்பின் அந்த வீட்டில் மழையோசையும், ஈரச் சுண்ணாம்பின் வாடையும், அவருடைய செருமலும் மட்டுமே எஞ்சியிருந்தன. அந்த அமைதியைப் பொறுக்கமாட்டாமல்தான், கலைந்துபோன குழுவிலிருந்து தம் பழைய மின் ஆர்கனையும், அதனோடு கிடந்த சுழல் ஒலிப்பெட்டியையும் வண்டியேற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அலமாரி போன்ற அம்மரப்பெட்டியை ஈரம் தாக்காதிருக்க மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார். அதன் மேற்பகுதியில், அவர் நிமிர்ந்து நின்றாலும் தலைக்கும் மேலே, ஒரு கொம்பு சுழலும். அது மேல்சுரங்களை வீசும். கீழே, அவர் மார்பின் மட்டத்தில் ஓர் உருளை சுழலும். அது கீழ்ச்சுரங்களை வீசும். யாரோ பாடிக்கொண்டே அறையைச் சுற்றி வருவதுபோல் ஒலி சுற்றி வரும். ஆர்கனின் ஒலிக்கம்பியைப் பெட்டிக்குக் கொடுத்து, மோட்டாருக்குத் தனிக்கம்பி இழுத்து, முனைகளையெல்லாம் ஈயத்தால் பற்றவைத்து முடித்திருந்தார். ஐயம் வந்ததும் அனைத்தையும் பிரித்து மறுபடி பற்றவைத்தார். மங்கல் நீங்கவில்லை.

கீழ்ச்சுரம் ஒன்றும் மேல்சுரம் ஒன்றுமாக இரு கட்டைகளை அழுத்தி, இடுக்கில் தீக்குச்சிகளைச் செருகினார். சுரங்கள் தாமே ஒலித்துக்கொண்டிருக்க, எழுந்துபோய்ப் பெட்டியை மேசைமேலேயே அரைவட்டம் திருப்பி வைத்தார். மங்கல் பெட்டியோடு திரும்பவில்லை. வடக்குச் சுவர்ப் பக்கமே நின்றது. விளக்கின் குறுக்கே ஆள் நின்றால் சுவரில் நிழல் விழுமே, அதுபோல ஒலியின் குறுக்கே ஏதோ நின்றது. கீழ்ச்சுரம் மட்டுமே மங்கிற்று. மேல்சுரம் தெளிவாகத் தலைக்குமேல் கடந்து போயிற்று. அப்படியானால் அதன் உயரம் அவர் தோள்மட்டம்.

அமிர்தம் அவருக்குத் தோள்மட்டம்தான்.

அன்று முதல் அவர் மோட்டாரை மெதுவான ஓட்டத்திலேயே வைத்தார். மாலைதோறும் சுரத்தை ஒலிக்கவிட்டு, மங்கல் எங்கே நிற்கிறது என்று செவியால் தேடினார். ஒருநாள் சமையலறை வாயிலில் நின்றது. மறுநாள் நாற்காலியருகே நின்றது. அவர் அதனிடம் காய்ச்சல் கண்டதையும், கடையில் மிளகாய் விலை ஏறியதையும் சொன்னார். உறக்கம் நன்றாக வந்தது.

சங்கராபுரத்திலிருந்து மகன் பிரவீன்குமார் தொலைபேசியில் அழைத்தான்.

"அந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழுவறதுக்கா மலைல கெடக்கறீங்க? தனியா இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"நான் தனியா இல்லடா. உங்கம்மா எங்கூடத்தான் இருக்கா."

அவன் குரல் தணிந்து வந்தது.

"காலைல வண்டி எடுத்துக்கினு வரேன். மாத்துத்துணி மட்டும் எடுத்து வைங்க. ஆர்கனெல்லாம் அங்கயே இருக்கட்டும்."

விளக்கேற்றும் வேளை. மலைமேல் மேகம் இறங்கி, மழை பெய்ய, சன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. கொளஞ்சியப்பன் சுரத்தை ஒலிக்கவிட்டு ஆர்கன் முன் அமர்ந்தார். இவள் அமிர்தம் என்பது உறுதியானால், எந்த மகன் வந்தாலும் அவர் இறங்கப் போவதில்லை. உறுதியாக வேண்டும். இன்றே.

மங்கல் வடக்குச் சுவரருகே நின்றது.

"அவன் காலைல வந்துடுவான். நீதானான்னு எனக்குத் தெரியணும். கிட்ட வா" என்றார்.

கொம்பு சுழன்றது. உருளை சுழன்றது. அடுத்த சுற்றில் கீழ்ச்சுரம் மங்கிற்று.

மேல்சுரமும் மங்கிற்று.

கொம்பு தம் தலைக்கும் மேலே இருப்பதை அவர் அண்ணாந்து பார்த்தார். அதையும் மறைக்கிற உயரம். அவள் வளர்ந்திருக்க முடியாது. எவருமே அவ்வளவு வளர்வதில்லை.

இத்தனை நாளும் அது உட்கார்ந்திருந்தது.

மங்கல் நகர்ந்தது. நாற்காலியருகே. பிறகு தெருவாயிலில். அவர் வெளியேற வேண்டிய ஒரே வாயில் அது. பிறகு வாயிலிலும் இல்லை. பெட்டிக்கும் அவருக்கும் நடுவே.

கொம்பின் வாய் அவரை நோக்கித் திரும்பிற்று. ஒலி வரவில்லை. மறுபடி திரும்பிற்று. வரவில்லை. சுரத்தின் அதிர்வில் சன்னல் கண்ணாடி நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றுமில்லை. மழையோசையும் இல்லை. தம் மூச்சொலியும் இல்லை.

"அமிர்தம்" என்று அழைத்தார். உதடுகள் அசைந்தன. தொண்டை அதிர்ந்தது. அந்தக் குரல் அவர் காதுக்கே வந்து சேரவில்லை.